பெம்பர்ஸில் நெளியும் அரிசி: மலச் சோதனையில் ஏன் தெரியவில்லை?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் மகளுக்கு 14 மாதம். ஒரு மாதமாக அவளுடைய பெம்பர்ஸை மாற்றும்போது அரிசி போன்ற வெள்ளைத் துண்டுகளைப் பார்க்கிறேன், சில நெளிகின்றன. கிளினிக்கில் மலத்தைச் சோதித்துவிட்டுப் புழு முட்டை எதுவும் இல்லை என்றார்கள். கீரிப்பூச்சியாக இருக்கலாம் என்று பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரண்டு முறை கொடுத்தும் நிற்கவில்லை. பிஸ்கட்டும் இனிப்பும் தின்பதால்தான் பூச்சி வருகிறது, விளக்கெண்ணெய் கொடு என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்காவோ, இது மாட்டிறைச்சியால் வரும் நாடாப்புழு, மூளைக்கு ஏறிவிடும் என்று பயமுறுத்துகிறார். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதே இல்லை. ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. மகள் அவற்றோடுதான் வீட்டு முன்பக்க அஞ்சடியில் தவழ்கிறாள். சோதனையில் ஒன்றுமில்லை என்றால் நான் பார்ப்பது என்ன? நாயை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமா? 5 வயது மகனுக்கும் தொற்றுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை; சோதனை முடிவிலும் பிழை இருக்க வேண்டியதில்லை. குழந்தையின் வயது, நெளியும் அரிசி வடிவத் துண்டுகள், அவள் தவழும் தரையிலேயே படுத்துறங்கும் நாயும் பூனைகளும், இரண்டு முறை கொடுத்தும் கேட்காத பூச்சி மருந்து ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, நாய் பூனைகளின் குடலில் வாழ்கிற, டிபிலிடியம் கனைனம் என்று மருத்துவத்தில் வழங்கப்படும் நாடாப்புழுவாகவே இது இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கடிதத்தை மட்டும் படித்துவிட்டு நோயை உறுதி செய்துவிட முடியாது. ஆனால் அந்தத் துண்டுகளில் ஒன்று கையில் கிடைத்தால், விவரம் தெரிந்த ஒருவர் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடலாம். ஆகவே இந்தப் பதிலின் பெரும்பகுதியை அந்தத் துண்டைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில், மலச் சோதனை ஏன் கைவிட்டது என்பதைப் பார்ப்போம். மலத்தில் ஒரு சிறு பொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் புழு முட்டைகளைத் தேடுவதுதான் வழக்கமான முறை. குடலிலேயே முட்டைகளை இட்டு மலத்தோடு கலந்துவிடும் உருளைப்புழு, சாட்டைப்புழு போன்றவற்றுக்கு அது மிகப் பொருத்தமான முறை. நாய் நாடாப்புழு அப்படி முட்டையிடுவதில்லை. 10 முதல் 70 செ.மீ. வரை வளரும் அதன் உடல், ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்த துண்டுகளால் ஆனது. வாலை ஒட்டிய துண்டுகள் முற்றியதும் முட்டைகளை முழுவதுமாக உள்ளேயே அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழன்று, மலத்தோடு வெளிவரும். மலம் கழிக்காத வேளையில் ஆசனவாய் வழியாகத் தாமாகவே ஊர்ந்தும் வெளியேறும். முட்டை வெளியே வருவதற்கான திறப்பு அந்தத் துண்டில் இல்லை. துண்டு காய்ந்தோ சிதைந்தோ உடைந்தால்தான் முட்டைகள் சிதறும்; பெரும்பாலும் அது உடலுக்கு வெளியே நடப்பது. ஆகவே சோதனைக்கு எடுத்த அந்தச் சிறு பொட்டில் முட்டை இல்லாமற்போனதில் வியப்பில்லை. ‘முட்டை காணப்படவில்லை’ என்று சீட்டில் எழுதியிருப்பதை ‘புழு இல்லை’ என்று நீங்களும் படிக்கக் கூடாது, எங்கள் துறையினரும் படிக்கக் கூடாது. இந்தப் புழுவைப் பொறுத்தவரை தாயின் கண்தான் முதல் சோதனைக்கூடம் என்பது என் கருத்து.

அடுத்த முறை பெம்பர்ஸை மாற்றும்போது அவசரமாகச் சுருட்டிவிடாமல், நல்ல வெளிச்சத்தில் விரித்து வைத்துப் பாருங்கள். புதிதாக வெளிவந்த துண்டு ஏறத்தாழ 1 செ.மீ. நீளமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். பால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பு கலந்த வெள்ளையாகவோ காணப்படும். இரு முனையும் குறுகி நடுப்பகுதி சற்றே பருத்து, வெள்ளரி விதையின் வடிவில் இருக்கும். அது புழுவைப் போல வளைந்து நெளிவதைவிட, நீண்டு மெலிவதும் குறுகிப் பருப்பதுமாக மெல்ல நகர்வதைத்தான் கவனிக்க வேண்டும். சிறிது நேரம் விட்டுவிட்டால் அசைவு நின்று, காய்ந்து, மஞ்சள் படிந்த அரிசி நொய்யைப் போல ஆகிவிடும். பல தாய்மார்கள் அந்த நிலையில் பார்த்துவிட்டு, ‘சோறு செரிக்காமல் வந்திருக்கிறது’ என்று துடைத்துப் போட்டுவிடுவது இதனால்தான்.

இதே போலத் தோற்றமளித்து ஏமாற்றுகிறவை வேறு சில உண்டு. அவற்றில் முதன்மையானது கீரிப்பூச்சி. பெண் கீரிப்பூச்சியும் 8 முதல் 13 மி.மீ. வரை நீளம் இருப்பதால், கடிதத்திலோ தொலைபேசியிலோ ‘வெள்ளையாக, இத்தனூண்டு’ என்று சொல்லும்போது இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. நேரில் பார்த்தால் குழப்பமே இல்லை. கீரிப்பூச்சி தையல் நூலைப் போல மெல்லியது, ஒரு முனை ஊசியாகக் கூர்த்திருக்கும், வேகமாக நெளியும். இரவில் குழந்தை தூங்கிய பிறகு ஆசனவாயைச் சுற்றி வந்து முட்டையிடுவது அதன் வழக்கம்; ஆகவே இரவு அரிப்பும் தூக்கம் கலைவதும் அதில்தான் மிகுதி. காலையில் குழந்தையைக் கழுவுவதற்கு முன்னால் ஆசனவாயில் ஒளிபுகும் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து, அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அடுத்தடுத்து மூன்று காலைகளில் பார்த்தால் கீரிப்பூச்சியின் முட்டைகள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். உங்கள் மகளுக்கு அந்தச் சோதனையையும் செய்யச் சொல்லலாம். ஒரே குழந்தைக்கு இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

இரண்டாவது, ஈப் புழு. நம் ஊர் வெயிலில், அழுக்குப் பெம்பர்ஸை வீட்டின் பின்புறத் தொட்டியில் போட்டுவிட்டு மறுநாள் திறந்து பார்த்தால், ஈ முட்டையிட்டுப் பொரித்த புழுக்கள் அதில் நெளிவது இயல்பு. அவற்றின் உடல் ஒரு பக்கம் கூர்ந்தும் மறுபக்கம் மழுங்கியும் இருக்கும். கூர்ந்த முனையில் கரிய கொக்கி போன்ற வாயையும், மழுங்கிய முனையில் இரண்டு கரும்புள்ளிகளையும் உற்றுப் பார்த்தால் காணலாம். நாடாப்புழுத் துண்டுக்குத் தலையும் இல்லை, வாயும் இல்லை. குழந்தையின் இடுப்பிலிருந்து அப்போதே கழற்றிய பெம்பர்ஸில் பார்த்ததை மட்டும் கணக்கில் எடுங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். செரிக்காத சோற்றுப் பருக்கை கரண்டியால் அழுத்தினால் மசிந்துவிடும். வாழைப்பழம் தின்னும் குழந்தைகளின் மலத்தில் கறுப்பு நூல் போன்ற நார்கள் வருவதும் உண்டு. அவற்றையும் பூச்சி என்று எண்ணிக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். கொண்டுவந்ததில் தவறில்லை.

துண்டை எடுக்கும் முறையைச் சொல்கிறேன். கையுறை அணிந்துகொண்டு, ஐஸ்கிரீம் குச்சி போன்ற ஏதாவது ஒன்றால் இரண்டு மூன்று துண்டுகளை எடுத்து, கிளினிக்கில் மலச் சோதனைக்குத் தருகிற மூடி போட்ட போத்தலில் இடுங்கள். காயம் கழுவுவதற்கென்று ஃபார்மசியில் விற்கும் உப்புநீரைத் துண்டு நனையும் அளவுக்கு ஊற்றினால் அது காயாமல் இருக்கும். அன்றைக்கே கொண்டுபோக முடியாது, வாரக்கடைசி குறுக்கிடுகிறது என்றால், உப்புநீருக்குப் பதிலாக 70 விழுக்காடு ஆல்கஹாலை ஊற்றி வைக்கலாம். குளோரோக்ஸ், டெட்டால் போன்றவற்றில் போட வேண்டாம், துண்டு கெட்டுப்போகும். ஏற்கெனவே காய்ந்துபோன துண்டுதான் கிடைத்தது என்றாலும் வீசிவிடாதீர்கள். நீரில் ஊறவைத்தால் அடையாளம் காணும் அளவுக்கு அதன் உருவம் திரும்பும். போத்தலின் மேல் குழந்தையின் பெயரையும், எடுத்த தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். துண்டு அசையும்போது, பக்கத்தில் ஒரு 10 சென் நாணயத்தை வைத்து, கைத்தொலைபேசியில் சிறிய காணொளி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். நாணயம் அளவைக் காட்டும், காணொளி அசைவைக் காட்டும்.

கிளினிக்கில் ‘மகளுக்குப் பூச்சி’ என்று மட்டும் சொன்னால் மறுபடியும் பழைய வழியிலேயே போகும் வாய்ப்பு அதிகம். தோட்டப்புறக் குழந்தைகளிடம் தலைமுறை தலைமுறையாகக் கண்டதெல்லாம் மண்ணிலிருந்து தொற்றும் உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும்தான். ஆகவே பூச்சி என்று கேட்டதும் கை அந்த மருந்தை நோக்கித்தான் போகும். அதில் அலட்சியத்தைக் காண வேண்டாம், பழக்கம் அப்படி. நீங்கள் போத்தலை மேசையில் வைத்து, ‘இந்தத் துண்டு நாடாப்புழுவா என்று அடையாளம் காண வேண்டும், வீட்டில் நாயும் பூனையும் உண்டு, அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து இரண்டு முறை கொடுத்தும் நிற்கவில்லை’ என்று சொல்லுங்கள். கொடுத்த மருந்து எதுவென்று மருந்துறையைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்தப் பெயரையே சொல்லுங்கள். சோதனைச் சீட்டிலும் ‘மலத்தில் முட்டை’ என்பதற்குப் பதிலாக ‘புழுத் துண்டு, இனங்காண’ என்று எழுதும்படி கேளுங்கள். உள்ளூரில் வசதி இல்லையென்றால் ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்கலாம்.

சோதனைக்கூடத்தில் துண்டை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்ல அழுத்தி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இந்தப் புழுவின் துண்டில் இடப்பக்க ஓரத்தில் ஒன்றும் வலப்பக்க ஓரத்தில் ஒன்றுமாக இரண்டு இனப்பெருக்கத் துளைகள் இருக்கும் (முட்டை இவற்றின் வழியே வெளிவராது). மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வழியாக வரும் நாடாப்புழுக்களின் துண்டில் ஒரு பக்கத்தில் மட்டுமே துளை இருக்கும். துண்டைக் கிழித்தால் முட்டைகள் தனித்தனியாகச் சிதறாமல், ஒரு பைக்குள் பெரும்பாலும் 5 முதல் 15 வரை அடுக்கிவைத்தாற்போல வெளிவரும். இவ்விரண்டையும் பார்த்த பிறகு ஐயத்துக்கு இடமில்லை. இரத்தப் பரிசோதனையில் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் சற்றுக் கூடியிருக்கலாம், கூடாமலும் இருக்கலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஸ்கேன் எடுக்கும் தேவை இதற்கு இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி உண்மைதான், ஆனால் அது வேறு புழுவைப் பற்றியது. மூளையைத் தாக்குவது பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் வயிற்றுக்குள் போவதால் வரும் நோய். மாட்டு நாடாப்புழு, சரியாக வேகாத மாட்டிறைச்சியால் வருவது; அதன் துண்டுகள் இதைவிடப் பெரியவை. நாய் நாடாப்புழு குழந்தையின் குடலைத் தாண்டி எங்கும் போவதில்லை. பல குழந்தைகளுக்கு எந்தத் தொல்லையும் தெரியாது. சிலருக்கு இலேசான வயிற்றுவலி, பசி குறைவு, ஆசனவாய் அரிப்பு, சிணுங்கல், வயிற்றுப்போக்கு இருக்கலாம். சிகிச்சை இல்லாமலே தானாக நீங்கிவிடுவதும் உண்டு. எனவே இன்றிரவே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய காரியம் எதுவும் இல்லை. உங்கள் வீட்டு அடுப்பில் என்ன இறைச்சி ஏறுகிறது, ஏறவில்லை என்பதற்கும் இதற்கும் தொடர்பே கிடையாது.

அப்படியானால் எப்படி வந்தது? நாயின் மலத்தைத் தொட்டதால் நேரடியாக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வராது, நடுவில் ஒரு பூச்சி, பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி, வேண்டும். நாயிடமிருந்து விழுந்த துண்டு காய்ந்து உடைய, அதிலுள்ள முட்டைகளை, நாய் படுக்கும் சாக்கிலும் பலகை இடுக்கிலும் வாழும் தெள்ளின் இளம்புழு தின்கிறது. அந்த இளம்புழு வளர்ந்து தெள்ளாகும்போது அதன் உடலுக்குள் நாடாப்புழுவின் அடுத்த பருவமும் வளர்ந்து காத்திருக்கும். நாயும் பூனையும் தங்களைக் கடிக்கும் தெள்ளைப் பல்லால் நறுக்கி விழுங்கித் தொற்றிக்கொள்கின்றன. தவழும் குழந்தை, தரையில் கிடக்கும் எதையும் வாயில் போடுவதைப் போலத் தெள்ளையும் போட்டுக்கொள்கிறது. அல்லது இப்போதுதான் தெள்ளைக் கடித்த நாய் குழந்தையின் முகத்தை நக்குகிறது. விழுங்கிய 3, 4 வாரங்களில் துண்டுகள் வெளிவரத் தொடங்கும். உண்ணி வேறு, தெள்ளு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். காதிலும் விரல் இடுக்கிலும் ஒட்டி இரத்தம் குடித்து உப்பும் உண்ணியால் இந்தப் புழு பரவாது. ‘எங்கள் நாய்க்கு உண்ணி இல்லை, நேற்றுத்தான் பிடுங்கினேன்’ என்று சொல்கிறவர்களிடம் தெள்ளைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

உங்கள் நாயிடம் தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வால் முளைக்கும் இடத்தை ஒட்டிய முதுகு ரோமத்தை நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரி, வந்த கருந்தூளை ஈரமான வெள்ளை டிஸ்யூவில் தட்டுங்கள். தூளைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது நாயின் செரித்த இரத்தம். மண்ணாக இருந்தால் அப்படிப் பரவாது. பூனைகளுக்கும் இதையே செய்யுங்கள். நாயின் வாலைத் தூக்கிப் பார்த்தால், ஆசனவாயைச் சுற்றிய ரோமத்திலும் அது படுக்கும் சாக்கிலும் அதே அரிசி நொய் ஒட்டியிருப்பதையும் நீங்கள் காணக்கூடும். மகளின் துண்டையும் நாயின் துண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் மருத்துவருக்கு வேலை இன்னும் எளிது.

உங்கள் மாமியாரிடம் இதை மரியாதையாகவே சொல்லுங்கள்: இனிப்பு தின்பதால் எந்தப் பூச்சியும் உண்டாவதில்லை. பல்லுக்காக வேண்டுமானால் பிஸ்கட்டைக் குறைக்கலாம். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். குடலில் தலையைப் பதித்துக் கவ்வியிருக்கும் புழுவை அது அகற்றாது. 14 மாதக் குழந்தைக்குப் பேதியால் உடல்நீர் வற்றும் ஆபத்துதான் மிச்சம். அந்தக் காலத்தில் லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விளக்கெண்ணெய் ஊற்றிய கதைகள் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதற்குப் பிழைத்தது பிள்ளைகள் மட்டுமல்ல, புழுக்களும்தான்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. அல்பெண்டசோல், மெபெண்டசோல், பைரான்டல் ஆகியவை கீரிப்பூச்சிக்கு நல்ல மருந்துகள். இந்தப் புழுவை அவற்றைக் கொண்டு ஒழிக்க முடியாது. ஆகவே மூன்றாம் முறை ஸென்டலோ கொம்பான்ட்ரினோ (இவை அந்த மருந்துகளின் கடைப் பெயர்கள்) வாங்கிக் கொடுக்காதீர்கள். இதற்கு உரியது பிராசிகுவான்டல், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. வரை, ஒரே வேளை. மனிதர்களுக்கான மாத்திரை பொதுவாக 600 மி.கி. கொண்டது, 9 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தேவை 45 முதல் 90 மி.கி. மட்டுமே. இதைச் சமையலறையில் கத்தியால் வெட்டிப் பிரிக்க முயலக் கூடாது, மருந்தாளர்தான் அளந்து தர வேண்டும். சிறு குழந்தைகளுக்குப் பாதுகாப்பு முறையாக நிறுவப்படவில்லை என்று சில மருந்துத் தாள்களில் அச்சிட்டிருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம்; அதையும் எடை போட்டுத்தான் மருத்துவர் முடிவு செய்வார், அந்த முடிவை எடுப்பதற்காகத்தான் நோய் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று இவ்வளவு தூரம் வற்புறுத்துகிறேன். நாய்க்கு வாங்கிய பூச்சி மாத்திரையிலும் இதே மருந்து இருக்கிறது என்று யாராவது சொல்லி, அதில் ஒரு துணுக்கைக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் வேறு மருந்துகளும் கலந்திருக்கும். மருந்து கொடுத்த பிறகு புழு முழுதாக வெளியே வரும் என்று காத்திருக்க வேண்டாம். அது குடலிலேயே சிதைந்து செரித்துவிடுவதால் கண்ணுக்குத் தென்படாமற்போவதே வழக்கம். ஒரு மாதத்துக்குப் பெம்பர்ஸைக் கவனித்து வாருங்கள். மறுபடி துண்டு வந்தால், பெரும்பாலும் வீட்டில் தெள்ளு ஒழியவில்லை என்று பொருள்.

நாயைக் கொடுக்க வேண்டாம். கொடுத்தாலும் அதன் சாக்கிலும் அஞ்சடி இடுக்கிலும் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளுகள் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில், காத்திருந்து வெளிவரும். நாய், பூனைகள் மூன்றுக்கும் ஒரே நாளில் கால்நடை மருத்துவரிடம் நாடாப்புழு மருந்தும் தெள்ளு மருந்தும் வாங்குங்கள். ஒன்றை விட்டுவிட்டால் மற்றவற்றுக்குச் செய்ததும் வீண். நாய்க்கு என்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குப் பூசக் கூடாது, பூனை செத்தே போகலாம். சாக்கை எரித்துவிட்டுத் துவைக்கக்கூடிய துணியை விரித்து, அதை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசுங்கள். நம் நாட்டில் தெள்ளு ஓய்கிற பருவம் என்று ஒன்று இல்லாததால், தெள்ளு மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டியிருக்கும். அதுவரை மகள் தவழும் இடமும் நாய் படுக்கும் இடமும் வேறு வேறாக இருக்கட்டும்.

மகனுக்கு இது தங்கையிடமிருந்து தொற்றாது. அவனும் தெள்ளை விழுங்கியிருந்தால்தான் வரும். 5 வயதில் அதற்கும் வாய்ப்பு உண்டு என்பதால், அவன் மலத்தையும் உள்ளாடையையும் மூன்று நான்கு வாரங்களுக்குப் பாருங்கள். ஒன்றும் காணவில்லை என்றால் அவனுக்கு மருந்து தேவையில்லை. ஏதாவது கண்டால் அதைத் தங்கையுடைய போத்தலில் சேர்க்காமல், அவன் பெயர் எழுதிய வேறொரு போத்தலில் இட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.